எரிய வேண்டிய விளக்கு

பாலத்து ஏற்றத்தில் பாதி தூரம் போனதும் முதலில் வைப்பர்தான் சோர்ந்தது. கண்ணாடியின் நடுவரைக்கும் வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் அங்கேயே படுத்துக்கொண்டது. அடுத்து இண்டிகேட்டரின் டிக் டிக் நின்றது. அப்புறம் என்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கியது. மழை மட்டும் அடங்கவில்லை.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் நர்ஸம்மா. அவர் கார் பழகுகிறவர். பக்கத்து இருக்கையில், காலடியில் தனக்கென்று ஒரு பிரேக்கும் ஒரு கிளட்சும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் டீச்சர். பள்ளிக்கூட டீச்சர் இல்லை, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெண்ணிடம் கார் பழக நினைக்கும் பெண்கள் இவளைத் தேடித்தான் வர வேண்டும். ஆளும் ஒருத்தி, வண்டியும் ஒன்று.

பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தன. டீச்சர் தன் காலால் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பயப்பட வேண்டாம், கை பிரேக்கைப் போடுங்கள் என்றாள். நர்ஸம்மா போட்டார். போட்ட பிறகும் அதை விடாமல் இறுகப் பிடித்திருந்தார். பயம் ஹாரனுக்கு இல்லை. மறுநாள் காலையில் அவருக்கு லைசென்ஸ் டெஸ்ட்.

இரண்டு தடவை தோற்றுவிட்டார். இந்தத் தடவையும் தோற்றால் மறுபடி வாய்ப்புக் கிடைக்க வெகுநாள் ஆகும். அதுவரைக்கும் அந்த வேலை காத்திருக்காது. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. லைசென்ஸ் இருந்தால் உங்களுக்குத்தான் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். இல்லாவிட்டால் வயசான காலத்திலும் ராத்திரி வார்டுதான். டெஸ்டுக்கு நாம் கொண்டுபோகிற வண்டியைத்தான் ஓட்டிக்காட்ட வேண்டும். நர்ஸம்மாவுக்கு ரிவர்ஸ் வருவது இந்த ஒரு வண்டியில்தான். இதன் முதுகு எங்கே முடிகிறது என்பது மட்டும்தான் அவருக்கு அத்துப்படி.

பால் வண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, கயிறு கட்டி வீடு வரைக்கும் இழுத்துவந்து விட்டார். இறங்கும்போது நர்ஸம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நாளைக்கு வண்டி வருமா டீச்சர்?"

"சாயங்காலம் வாங்க. சொல்றேன்," என்றாள் டீச்சர்.

வரும் என்று சொல்லிவிடலாம்தான். வாய்க்கு வரியா கட்டுகிறோம்? ஆனால் டீச்சர் அந்த ரகம் இல்லை.

இந்தத் தொல்லை அன்றைக்கு ஆரம்பித்ததல்ல. மழைக்காலம் தொடங்கியபோது, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு ஓட்டினால், டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சின்ன விளக்கு மங்கலாகச் சிவக்க ஆரம்பித்தது. பளிச்சென்று எரிந்து தொலைத்தாலாவது ஒரு முடிவுக்கு வரலாம். இதுவோ அணையப்போகிற கரித்துண்டு மாதிரி கனன்றுகொண்டே இருந்தது. டீச்சரிடம் ஒரு சட்டம் உண்டு. டேஷ்போர்டில் சிவப்புத் தெரிந்தால், பழகுகிறவரை வைத்துக்கொண்டு வண்டியை நகர்த்த மாட்டாள். பாடத்தைப் பாதியில் நிறுத்தி, மன்னிப்புக் கேட்டு, வந்தவரை அனுப்பிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவாள். திரும்பியவள் உடனே இறங்கவும் மாட்டாள். கொட்டகைக்குள் நிறுத்தி, சாவியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள்.

பேட்டரிக் கடைக்காரர், பேட்டரி போய்விட்டது என்றார். மாற்றினார்கள். விளக்கு கனன்றது. டைனமோ கட்டுகிறவர், டைனமோதான் என்றார். (அதற்குச் சரியான பெயர் ஆல்டர்னேட்டர், ஆனால் அந்தத் தெருவில் அது எப்போதும் டைனமோதான்.) உள்ளே உரசித் தேய்கிற கார்பன் கட்டையை மாற்றிக் கொடுத்தார். அப்போதும் கனன்றது. அவரே, அப்படியானால் பெல்ட் என்றார். புது பெல்ட்டிலும் கனன்றது. ஆளுக்கொரு வைத்தியம் பார்த்ததில் நோயைத் தவிர மற்றதெல்லாம் மாறிவிட்டது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் கணவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன். தெருவில் எல்லோரும் வயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் சிரித்துக்கொண்டே வந்து, சரியாகிவிட்டது, ஏதோ லூஸ் கனெக்‌ஷன், இனிமேல் எரியாது என்றான். உண்மையிலேயே எரியவில்லை. அன்றைக்கு டீச்சர் அவனுக்கு இரண்டு முட்டை சேர்த்து அவித்தாள்.

அந்த வாரம் அவள் முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது. வாரம் முடிவதற்குள் பாலம்.

வண்டியை உள்ளே தள்ளி முடித்ததும், வயர்மேன் பேட்டரியைக் கழற்றிக் கடையில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தான். வந்தவன் தலையைத் துவட்டிக்கொண்டே, நர்ஸம்மாவிடம் தேதியைத் தள்ளிப்போடச் சொல்லிவிடலாம், டைனமோவையே மொத்தமாக மாற்றிவிடலாம் என்றான். குரலில் உறுதி இல்லை. டீச்சர் அதைக் கவனித்தாள். ஈரத்தில் அலைந்த களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

நாத்தனார் உள்ளறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். வயர்மேனுக்கு அக்கா, டீச்சருக்கு அண்ணி. புருஷன் போனபிறகு தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். தெருவில் பாதிப் பேருக்கு உள்பாவாடையும் மீதிப் பேருக்குத் தலையணை உறையும் தைத்துத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறவள், ஆகவே வாய்க்குப் பூட்டு கிடையாது.

"மாத்தினதையே எத்தனை தடவை மாத்துவீங்க? கிழிஞ்சது எங்கேன்னு பாக்காம ஒட்டுப்போட்டா, சட்டையில ஓட்டையும் இருக்கும், ஒட்டும் இருக்கும்," என்றாள்.

டீச்சருக்கு அது சுருக்கென்று பட்டது. யோசித்துப் பார்த்தால், இத்தனை நாளும் எல்லோரும் கழற்றினார்கள், மாட்டினார்கள். யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. அவளும் கூட நின்று தலையாட்டினாளே தவிர, ஏன் என்று கேட்கவில்லை. இனி அப்படி இல்லை என்று முடிவு செய்தாள். தேதி தள்ளாது. வண்டி நாளைக்குப் போகும். போக முடியாது என்றால், ஏன் முடியாது என்பது சாயங்காலத்துக்குள் தனக்குத் தெரிந்தாக வேண்டும்.

கார்களுக்கு வயரிங் செய்கிற ஒருவரை அவளுக்குத் தெரியும். அவரோ வெளியூரில் ஒரு பஸ்ஸைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளை மறுநாள்தான் வருவேன் என்று போனில் சொன்னார். வரவே வேண்டாம், சொன்னால் போதும், நான் செய்கிறேன் என்றாள் டீச்சர். அவர் கொஞ்சம் சிரித்துவிட்டு, மீட்டர் இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் ஒரு வயர்மேனை வைத்துக்கொண்டு மீட்டருக்கா பஞ்சம்?

"அப்படின்னா ஒண்ணு செய்யுங்க டீச்சர். கழட்டாதீங்க. அளங்க. ஒரு நேரத்துல ஒண்ணு. அளந்து முடிக்கிற வரைக்கும் யாரும் ஸ்பானரைத் தொடக் கூடாது."

ஒரு நேரத்தில் ஒன்று என்பது டீச்சர் பழகுகிறவர்களுக்குத் தினமும் சொல்வதுதான். கியரையும் கண்ணாடியையும் பக்கத்தில் வரும் சைக்கிளையும் ஒரே சமயத்தில் பார்க்க நினைத்தால் மூன்றையும் கோட்டை விட்டுவிடுவார்கள். அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று.

மதியம் மழை தூறலாகச் சுருங்கியது. ரொட்டியைத் தேநீரில் நனைத்து நின்றுகொண்டே தின்றுவிட்டு, சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டினார்கள். முதல் அளவு, என்ஜின் ஓடாமல் பேட்டரியில். மீட்டரின் சிவப்பு முனையை ஒரு பக்கமும் கறுப்பு முனையை மறுபக்கமும் வைத்தாள். பன்னிரண்டரை வோல்ட். நல்லது. இரண்டாவது அளவு, என்ஜின் ஓடும்போது. டைனமோ வேலை செய்தால் அது பதினாலைத் தாண்ட வேண்டும்.

மீட்டரைப் பிடிக்க ஒருத்தி, விளக்குப் பிடிக்க ஒருவன். ஆக்ஸிலேட்டரை மிதிக்க ஆள் இல்லை. நாத்தனாரைக் கூப்பிட்டார்கள். அவள் ஜென்மத்தில் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு வந்து ஏறி உட்கார்ந்து, கால் எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள். சிலரைப்போல உறுமவிட்டு அடக்கி, உறுமவிட்டு அடக்கிப் படுத்தவில்லை. தையல் மெஷினை மிதித்த கால் அது. மெல்லச் சொன்னால் மெல்ல, கொஞ்சம் கூட்டச் சொன்னால் கொஞ்சம், அப்படியே நிறுத்தி வைத்தாள்.

"என்னடா தம்பி இது, இதுக்கா ரெண்டு மாசம் பழகுறாங்க?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

அவன் சிரிக்கவில்லை. எப்போதும் அக்காவின் பேச்சுக்கு ஒரு பதில் வைத்திருப்பவன்.

மீட்டர் பதினாலுக்குப் போகவில்லை. பன்னிரண்டே கால், அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. டைனமோ சுற்றுகிறது, பெல்ட் இறுக்கமாக இருக்கிறது, ஆனால் ஒரு சொட்டுக் கரண்ட் வரவில்லை. டீச்சர் என்ஜினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனைக் காரின் மேல் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டினாள். வெளியூரில் இருந்த வயரிங்காரர் அடுத்ததைச் சொன்னார். டைனமோவின் பின்னால் ஒரு தடித்த வயர் இருக்கும், அதை விட்டுவிடுங்கள். பக்கத்தில் மெல்லியதாக ஒன்று இருக்கும். அதை மட்டும் உருவிக்கொள்ளுங்கள்.

"இப்போ ஒருத்தர் உள்ளே உக்காந்து சாவியைப் போடணும், ஸ்டார்ட் பண்ண வேண்டாம். இன்னொருத்தர் அந்த மெல்லிசு வயர் நுனியை என்ஜின் இரும்புல தொடணும். தொட்டா, டேஷ்போர்டுல பேட்டரி விளக்கு நல்லா எரியணும். எரிஞ்சா வயர் சரி, டைனமோ உள்ளதான் கோளாறு. எரியலைன்னா டைனமோ மேல தப்பில்ல."

டீச்சர் உள்ளே போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள். வயர்மேன் பானட்டுக்கு அந்தப் பக்கம் குனிந்திருந்தான். திறந்த பானட் நடுவில் மறைத்ததால் அவன் முகம் அவளுக்குத் தெரியவில்லை.

"தொடுங்க."

"தொட்டுட்டேன்."

"எரியல. துரு இருக்கும், வேற இடத்துல தொடுங்க."

இரும்பில் உரசும் சத்தம் கேட்டது. "தொட்டுட்டேன்."

"எரியல. நல்லா அழுத்தித் தேய்ச்சு வைங்க."

அவன் தேய்த்தான். எரியாது என்பது அவனுக்குத் தெரியும். விளக்கு என்ற சொல் போனில் கேட்ட அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் தொட்டான். முதலில் ஒரு போல்ட்டில், பிறகு ஒரு மூலையில், பிறகு சுரண்டிச் சுரண்டி வெள்ளையாக்கிய ஓர் இடத்தில். உள்ளே இருந்து அவள் குரல் சலிக்காமல் வந்துகொண்டிருந்தது. எரியல. மறுபடி தொடுங்க. தன் கையின் மேலேயே தப்பு இருக்கலாம் என்று நினைத்து, சாவியை எடுத்து எடுத்துப் போட்டாள்.

வயரைக் கீழே விட்டுவிட்டு அவன் நிமிர்ந்தான்.

"எரியாது. அதுல பல்பு இல்ல."

டீச்சருக்கு முதலில் புரியவில்லை. இறங்கி வந்தாள். அவன் தன் கருவிப் பையைத் திறந்து, டெஸ்டருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிரித்தால் கடலை அளவுக்கு ஒரு பல்பு.

"நான்தான் கழட்டினேன். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை."

காரணத்தையும் அவனே சொன்னான். பேட்டரி புதுசு, கார்பன் புதுசு, பெல்ட் புதுசு. மீட்டரை வைத்தால் பதினாலு காட்டுகிறது. ஆகவே விளக்குதான் பொய் சொல்கிறது என்று நினைத்தானாம். கழற்றிவிட்டுப் பெரிய ரோட்டில் வேகமாக ஒரு சுற்றுப் போய் வந்து, என்ஜினை அணைக்காமல் அளந்தும் பார்த்தானாம். அப்போதும் பதினாலு.

"வீட்டுல ஒரு பல்பைக் கழட்டினா ஃபேன் நிக்குமா சொல்லு. அப்படித்தான் நெனச்சேன். விளக்குன்னா அது வெறும் விளக்குன்னு."

காரின் மேலிருந்த போனிலிருந்து வயரிங்காரரின் குரல் கொஞ்சம் சங்கடத்தோடு வந்தது. இந்த மாதிரிப் பழைய வண்டிகளில் அந்த விளக்கு வழியாகத்தான் டைனமோவுக்கு முதல் கரண்ட் போகும் என்றார். காலையில் எழுப்பிவிடுகிற ஆள் மாதிரி. எழுப்பிவிட்டால் அப்புறம் அது தானாக வேலை செய்யும். ஆள் இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டே சுற்றும். பெரிய ரோட்டில் வேகமாகப் போனால் சில சமயம் அதுவே விழித்துக்கொள்ளும், அதனால்தான் அண்ணன் அளந்தபோது சரியாக இருந்திருக்கும். டீச்சருடைய வண்டி பழகுகிறவர்களின் வண்டி. இரண்டாவது கியரைத் தாண்டாது. அது எங்கே விழிக்கும்? இதைச் சொல்லிவிட்டு, பஸ்காரர்கள் கூப்பிடுகிறார்கள், கொஞ்ச நேரம் கழித்துப் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டார். விவரம் தெரிந்த மனிதர்.

"பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போயிடும்னு நெனச்சிருக்கு," என்றாள் நாத்தனார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே.

"அண்ணி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் டீச்சர்.

அவள் கோபத்தில் நின்றாள். பாலத்தின் மேல் நர்ஸம்மா கை பிரேக்கை விடாமல் பிடித்திருந்தது இவள் கண்ணுக்குள்ளேயே இருந்தது. கோபம் அவன்மேல் மட்டும் என்றால் வசதியாக இருந்திருக்கும். சாவியைப் போட்டதும் எல்லா விளக்கும் ஒரு தடவை எரிய வேண்டும், அப்புறம் அணைய வேண்டும், எரியாவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள் என்று ஒவ்வொரு பாடத்திலும் வாய் வலிக்கச் சொல்கிறவள் இவள்தான். ஒரு வாரமாக அந்த வரிசையில் ஒரு விளக்கு எரியவே இல்லை. இவள் பார்க்கவில்லை. சிவப்பு தெரியவில்லையே என்ற நிம்மதியில், தெரிய வேண்டிய நேரத்தில்கூட அதைத் தேடவில்லை.

"ஏன் செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"தினமும் திரும்பி வந்து கொட்டகைக்குள்ள அப்படியே உக்காந்திருப்பே. என்னால அதைப் பாக்க முடியல. உனக்குப் பயம் இல்லாம இருக்கட்டும்னுதான்."

"என் பயம் எனக்கு வேணும். அதை வெச்சுத்தான் நான் அந்தப் பொம்பளைங்களை ரோட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சரியா இருக்குன்னு நீங்க சொன்னா நம்புவேன். நம்பித்தான் போனேன். தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கணும்."

அவன் தலையை ஆட்டினான். பல்பைப் போடச் சொன்னாள். போட்டான்.

அதற்கப்புறம் அவள் அவனோடு பேசவில்லை. வேலைச் சொற்கள் மட்டும்: பிடிங்க, விடுங்க, தள்ளுங்க.

மெல்லிய வயரை மாட்டிவிட்டுச் சாவியைப் போட்டதும் விளக்கு பளிச்சென்று எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. நாத்தனார் மிதித்தாள். மீட்டர் தயங்காமல் பதினாலுக்கு ஏறியது. அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. வயர்மேன் மூச்சு விட்டான். டீச்சரோ ஹெட்லைட்டையும் வைப்பரையும் போடச் சொன்னாள். போட்டதும் அந்தச் சிவப்பு, பழையபடி, கரித்துண்டு மாதிரி கனன்றது.

எது முதலில் தொல்லை கொடுத்ததோ அது இன்னும் அங்கேயே இருந்தது. சார்ஜ்தான் ஆகிறதே, நாளைக்கு ஒரு நாள் ஓட்டிவிடலாம் என்று நாத்தனார் கூடச் சொல்லிப் பார்த்தாள். டீச்சர் கேட்பதாக இல்லை. நாளைக்கு மழை இருக்கும், எல்லா விளக்கும் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், அந்த அம்மா ஸ்டியரிங்கைப் பார்ப்பாரா சிவப்பைப் பார்ப்பாரா என்றாள். வயரிங்காரரை மறுபடி பிடித்தாள். அவர், இப்போது விளக்கு உண்மையைத்தான் சொல்கிறது, டைனமோவில் கிளம்புகிறது முழுசாகப் பேட்டரிக்குப் போய்ச் சேரவில்லை, வழியில் எங்கேயோ சிந்துகிறது என்றார். தடித்த வயரின் இரண்டு கோடியிலும் மீட்டரை வைக்கச் சொன்னார். ஒரு முனை டைனமோவில், மற்றது பேட்டரியில். எல்லா விளக்கும் எரியும்போது ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது.

ஒன்றரைக்கு மேல் காட்டியது.

இனி வழி தெரிந்துவிட்டது. டீச்சர் டைனமோவில் ஒரு முனையை அப்படியே வைத்துக்கொண்டு, மறு முனையைத் தடித்த வயர் போகிற வழியெல்லாம், இணைப்பு இணைப்பாக நகர்த்தினாள். சைபர். அடுத்த இணைப்பிலும் சைபர். பேட்டரிக்கு ஒரு சாண் முன்னால், ரப்பர் தொப்பி போட்ட ஒரு திருகின் இந்தப் பக்கம் சைபர், அந்தப் பக்கம் ஒன்றரை. பேட்டரி மாற்றியவர், டைனமோ கட்டியவர், பெல்ட் போட்டவர், எல்லோருடைய கையும் அந்த ரப்பர் தொப்பியை உரசிக்கொண்டுதான் போயிருக்கும். யாரும் அதைத் தூக்கிப் பார்க்கவில்லை.

இப்போதுதான் ஸ்பானருக்கு வேலை வந்தது. என்ஜினை அணைத்து, பேட்டரியின் கறுப்பு வயரைக் கழற்றி வைத்துவிட்டுத் தொப்பியைத் தூக்கினான் வயர்மேன். உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. வயர் நுனியில் பாதி இழை இற்றுப்போயிருந்தது. அந்த வேலை அவன் வேலை. இற்றதை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை தோலை உரித்து, புது வளையம் வைத்து நசுக்கி இறுக்கினான். திருகையும் தகட்டையும் உப்புத்தாளால் தேய்த்துத் தங்கம் மாதிரி ஆக்கினான். அவன் கை வேலையில் எப்போதும் ஒரு சுத்தம் உண்டு. டீச்சர் பக்கத்தில் நின்று விளக்குப் பிடித்தாள். நன்றாக இருக்கிறது என்று சொல்ல வந்து, சொல்லவில்லை.

மறுபடி நாத்தனார் மிதித்தாள். ஹெட்லைட், வைப்பர், உள்ளே காற்று ஊதுகிற விசிறி, பின் கண்ணாடியைச் சூடாக்கும் கம்பி, எது எதெல்லாம் இருந்ததோ அத்தனையும் போட்டார்கள். தடித்த வயரில் மீட்டர் அசையவில்லை. டேஷ்போர்டில் சிவப்பு இல்லை. டீச்சர் குனிந்து, கையால் வெளிச்சத்தை மறைத்து வெகுநேரம் பார்த்தாள். பிறகு என்ஜினை அணைத்து, சாவியைப் போட்டு, அது எரிகிறதா என்றும் பார்த்தாள். எரிந்தது.

நர்ஸம்மா குடையோடு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. வாசல் கேட் அருகிலேயே நின்றார். வண்டி வரும், ஒரு வயர் இற்றுப்போயிருந்தது, சரி செய்துவிட்டோம் என்றாள் டீச்சர். அதுவும் பொய் இல்லை. பாதி உண்மை. வீட்டு விஷயத்தை வீதிக்கு ஏன் கொண்டுபோக வேண்டும் என்று அவள் நினைத்தாள். கோபம் தீராவிட்டாலும் அவன் அவள் புருஷன்.

வயர்மேன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே முன்னால் வந்தான்.

"அது மட்டுமில்லீங்க. இன்னைக்குப் பாலத்துல வண்டி நின்னது என்னாலதான். எச்சரிக்கை விளக்கைக் கழட்டி வெச்சிட்டு, சரி பண்ணிட்டேன்னு இவகிட்ட பொய் சொன்னேன். இவளுக்குத் தெரியாது. நீங்க வேற வண்டியில போறதா இருந்தாலும் சரி, உங்க இஷ்டம்."

நர்ஸம்மா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இல்லை. வார்டுக்கு வந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய பார்வை.

"எங்க வார்டுல படுக்கைக்குப் பக்கத்துல மெஷின் சத்தம் போடும். தூங்க முடியலைன்னு கூட இருக்கறவங்களே அதை அணைச்சிடுவாங்க. அப்படி அணைச்சவங்களை நிறையப் பாத்திருக்கேன். நான்தான் அணைச்சேன்னு வந்து சொன்ன ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

குடையை மடக்கிக் கேட்டில் மாட்டிவிட்டு, டிரைவர் இருக்கையில் போய் உட்கார்ந்தார். நாத்தனார் விலகி இடம் விட்டாள், கொஞ்சம் மனசில்லாமல்தான். இருட்டும்வரை ரிவர்ஸ் பழகினார்கள்.

மறுநாள் மழை விடாமல் பெய்தது. டெஸ்ட் நடக்கும் மைதானத்தில் டீச்சரின் இருக்கையில் அதிகாரி உட்கார்ந்துகொண்டார். டீச்சர் வெளியே தகரக் கூரையின் கீழ் நின்றாள். வயர்மேன் கூட வந்திருந்தான். வா என்று அவள் சொல்லவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருந்தது.

வண்டி எல்லா விளக்கும் எரியக் கிளம்பி, மைதானத்தைச் சுற்றி, நீண்ட மதிலுக்குப் பின்னால் மறைந்தது. அந்தப் பக்கம்தான் மேடு. அந்தப் பக்கம்தான் நிறுத்தி எடுக்க வேண்டும். என்ஜின் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தகரத்தில் விழும் மழையின் சத்தம்தான் கேட்டது. நர்ஸம்மாவுக்கு முன்னால் போன வண்டிகள் எல்லாம் இந்நேரம் திரும்பியிருந்தன. டீச்சரின் வலது கால், இல்லாத பிரேக்கைத் தரையில் அழுத்திக்கொண்டிருந்தது.

"நின்னுடுச்சா?" என்றாள். முந்தின நாளிலிருந்து அவனிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது.

அவன் மதிலைப் பார்த்தான்.

"தெரியல," என்றான். "இரு, போய்ப் பாத்துட்டு வரேன்."

சொன்னவன் நடக்கவில்லை, ஓடினான். செருப்பு சேற்றில் வழுக்க, சட்டை முதுகில் ஒட்ட, யாரும் போகக் கூடாது என்று எழுதி வைத்திருந்த பலகையைத் தாண்டி, மதிலின் முனையில் திரும்பினான். திரும்பிய அதே நொடியில் எதிரே ஹெட்லைட்டோடு அந்த வண்டி வந்தது. டீச்சர் கூரையை விட்டு மழையில் இறங்கி ஓடினாள். வண்டியின் மூக்கு கீழே குனிந்தது. சறுக்கவில்லை, கோணவில்லை, அவனுக்கு ஒரு கை தூரத்தில் நேராக நின்றது. பிரேக்கோடு கிளட்சையும் சேர்த்து மிதித்திருந்தார் நர்ஸம்மா. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அதிகாரி ஜன்னலை இறக்கித் தலையை நீட்டினார். அதற்குள் டீச்சரும் ஓடி வந்துவிட்டாள்.

"யாருய்யா இது? வண்டிக்கு நடுவுல வந்து நிக்கறது?"

வயர்மேன் வழியை விட்டு ஒதுங்கினான். மழை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது.

"என் வீட்டுக்காரர்தான் சார்," என்றாள் டீச்சர். "வண்டி ஓடுதான்னு பாக்க வந்தாரு."

அதிகாரி அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு நர்ஸம்மாவின் பக்கம் திரும்பி, இதைவிட நல்லா யாரும் நிறுத்திக் காட்ட முடியாது, போய் ரிவர்ஸையும் காட்டிவிடுங்கள் என்றார். டீச்சர் தன் முந்தானையால் அவன் தலையைத் துடைத்துக்கொண்டே ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் வண்டி ரிவர்ஸ் கியரில் முனகுவது கேட்டது.